அலுப்பு வேறு, வெறுத்துப்போதல் வேறு

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 34. மேடவாக்கத்தில் கணவர், ஆறு வயது மகன், மாமியாருடன் வசிக்கிறேன். ஓ.எம்.ஆர். பகுதியில் உள்ள ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை. அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து, நிலுவையில் உள்ள மருத்துவக் கட்டணங்களைக் கேட்கும் ஏ.ஆர். காலராகச் சேர்ந்தேன், இப்போது டீம் லீட். மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை ஷிப்ட். வாரத்தில் மூன்று நான்கு நாள் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிவிடும். சனிக்கிழமையும் நான்கைந்து மணி நேரம் வீட்டிலிருந்தே வேலை. 4.45-க்குப் படுத்து, மகனைப் பள்ளிக்கு அனுப்ப 6.45-க்கு எழுந்துவிடுவேன், மறுபடி 10 மணியிலிருந்து 1 மணி வரை தூங்குவேன். 18 பேர் இருந்த டீமில் நான்கு பேர் விலகி இப்போது 14 பேர்தான். புது ஆள் வரவில்லை, டார்கெட்டும் குறையவில்லை. சென்ற வாரம் டீமில் ஒரு பெண் தன் தந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு முதலில் தோன்றியது, "இன்றைக்கு இவளுடைய கியூவை, இவள் முடிக்க வேண்டிய கிளெய்ம்களை, யாரிடம் கொடுப்பது?" என்பதுதான். வீட்டுக்கு வந்தபின் அதை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது. எனக்கு முன்பு டீம் லீடாக இருந்த அக்கா இப்படியே இருந்து, ஒருநாள் திடீரென வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தார். நான் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகனோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் முடி கொட்டுகிறது, எடை கூடுகிறது. கணவர் யோகா வகுப்பில் சேரச் சொல்கிறார். மேனேஜர் நேர மேலாண்மைப் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். மாமியார் திருவண்ணாமலை போய்விட்டு வரச் சொல்கிறார். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கிறது, வேலையை விட முடியாது. அந்த அக்காவுக்கு வந்தது எனக்கு வராமல் தடுக்க என்ன செய்ய வேண்டும்?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பணியிடச் சோர்வு குறித்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை எல்லாம் முடிந்த பிறகு எழுதப்படுபவை. ராஜினாமா கொடுத்தாயிற்று, அல்லது ஒன்றுமில்லாத காரணத்துக்குக் குழந்தையை அடித்தாயிற்று, இனி என்ன செய்வது என்று கேட்பவை. நீங்கள் முன்கூட்டியே கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் டார்கெட், ஆள் பற்றாக்குறை, தூக்கம் என்று பல செய்திகள் இருந்தாலும், நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பெண்ணின் தந்தையைப் பற்றிய வரிகளைத்தான். தடுக்கும் வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பது அந்த வரிகளில் இருக்கிறது.

நம் பேச்சுத் தமிழில் "அலுப்பாக இருக்கிறது" என்பதும் "வெறுத்துப்போச்சு" என்பதும் ஒன்றல்ல. அலுப்பு உடம்பைச் சார்ந்தது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும். வெறுத்துப்போனது அப்படிப் போவதில்லை. நாள் முழுக்கத் தூங்கி எழுந்தாலும், கேப் ஓட்டுநர் "மேடம், கீழே நிற்கிறேன்" என்று அழைத்த உடனே திரும்பி வந்துவிடும். பர்ன்அவுட் என்று சொல்லப்படுவதைப் பணிச்சோர்வு என்று தமிழில் எழுதும்போது நாம் முதல் பாதியை மட்டும் சொல்லி, முக்கியமான பின்பாதியை விட்டுவிடுகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் தாம் பணியாற்றிய இலவச மருத்துவமனையின் தன்னார்வலர்களிடமும் தம்மிடமும் கண்டதை இந்தப் பெயரில் எழுதியபோது, களைப்போடு கூடவே எரிச்சலையும் அவநம்பிக்கையையும் சேர்த்தே விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, இதை ஒரு நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் நேரும் தொழில்சார் நிலையாகக் குறிப்பிடுகிறது. அது மூன்று கூறுகளைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு கொள்ளுதல், தன் வேலைத்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல்.

உங்களிடம் முதல் கூறு தெளிவாகவே இருக்கிறது. மூன்றாவது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. பதினோரு ஆண்டுகளில் கற்ற தொழில் உங்கள் கையில் இருப்பதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். இரண்டாவதுதான் இப்போது எட்டிப் பார்க்கிறது. அழுதுகொண்டு நிற்கும் ஒரு பெண் உங்கள் கண்ணுக்கு ஒரு கணம் நிரப்பப்படாத கியூவாகத் தெரிந்திருக்கிறாள். இதற்காக உங்களைக் கல்நெஞ்சக்காரி என்று முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். கொடுப்பதற்குக் குறைவாகவே இருக்கும்போது மனம் முதலில் நிறுத்திக்கொள்வது அக்கறையைத்தான். அரசு மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்த இளமைக்காலத்தில், நோயாளிகளைப் பெயரால் அல்லாமல் படுக்கை எண்ணால் நினைவு வைத்துக்கொள்ளத் தொடங்கியபோது நானும் இதைக் கண்டுகொண்டேன், அதுவும் மிகத் தாமதமாக. நீங்கள் அன்று இரவே கண்டுகொண்டுவிட்டீர்கள். இன்றைக்கு ஷிப்ட் தொடங்குமுன் அந்தப் பெண்ணிடம் அவள் தந்தை எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். கியூ பற்றி அப்போது ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

அடுத்து உடம்பு. முடி கொட்டுதல், எடை கூடுதல், ஓயாத களைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அதை வேலையின் தலையில் போடுவதற்கு முன் தைராய்டு சுரப்பைப் பார்க்க வேண்டும். டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, ரத்தச் சர்க்கரை ஆகிய நான்கு பரிசோதனைகளை உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருப்பவருக்கு மனப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது, பெட்ரோல் இல்லாத வண்டியை உதைத்துக்கொண்டே இருப்பது போலத்தான். மனச்சோர்வு நோய் வந்திருக்கிறதா என்பதையும் பிரித்தறிய வேண்டும். பணியிடச் சோர்வு, குறைந்தபட்சம் தொடக்கத்தில், வேலையோடு நிற்கும். மனச்சோர்வு நோய் வாழ்க்கை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பெசன்ட் நகர் கடற்கரையில் மகனோடு உங்களால் இன்னும் மகிழ முடிவது நல்ல அறிகுறி. அந்த மகிழ்ச்சியும் போய், இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு நேராக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. தடுக்க நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைச் சுற்றி ஆலோசனை சொன்ன மூவரும் உங்களையே மாறச் சொல்கிறார்கள். வேலை மாற வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பணியிடச் சோர்வை அளக்கும் வினாத்தொகுப்பை 1981-இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து உருவாக்கிய கிறிஸ்டினா மாஸ்லாக், பின்னர் மைக்கேல் லைட்டருடன் இணைந்து, ஒருவருக்கும் அவருடைய வேலைக்கும் பொருத்தம் கெடக்கூடிய ஆறு இடங்களைக் குறித்தார்: வேலையின் அளவு, அதன்மீது நமக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் பலனும் மதிப்பும், உடன் பணிபுரிவோருடனான உறவு, நியாயம், நாம் நம்பும் விழுமியங்கள். ஆறில் எது கெட்டிருக்கிறதோ அதைச் சரிசெய்யாமல் வேறெதைச் செய்தாலும் பலன் நிலைக்காது. சம்பளம் பற்றியோ உடன் பணிபுரிவோர் பற்றியோ நீங்கள் குறை எழுதவில்லை. அளவும் கட்டுப்பாடும்தான் உங்கள் கடிதம் முழுவதும் இருக்கின்றன.

அளவை முதலில் கணக்காகப் பார்ப்போம். 18 பேருக்கு வகுத்த டார்கெட்டை 14 பேர் செய்தால், ஒவ்வொருவர் தலையிலும் நாலில் ஒரு பங்குக்கும் மேலான வேலை கூடியிருக்கிறது என்று பொருள். எந்த நேர மேலாண்மைப் பயிற்சியும் 14-ஐ 18 ஆக்காது. பயிற்சிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போய்விட்டு வாருங்கள், மேனேஜருக்கும் மனக்கசப்பு இருக்காது. ஆனால் பயிற்சிக்குப் பிறகும் டார்கெட் எட்டப்படாதபோது, அது உங்கள் தனிப்பட்ட தோல்வியாக எழுதப்படும் ஆபத்து இருப்பதை அறிந்தே போங்கள். கட்டுப்பாடு இதைவிடச் சிக்கலானது. டீம் லீட் என்ற பதவிக்குப் பொறுப்பு உண்டு, அதிகாரம் சொற்பம். ஆள் எடுப்பது மனிதவளத் துறை, டார்கெட் வகுப்பது கிளையன்ட், ஒப்புக்கொள்வது மேலே இருப்பவர். எட்டாவிட்டால் எஸ்கலேஷன் மெயில், அதாவது மேலிடத்துக்கும் போகும் புகார் மெயில், மட்டும் உங்கள் பெயருக்கு வரும். கேட்கப்படுவது அதிகமாகவும் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் உள்ள வேலையே மனிதரை மிகவும் வருத்துகிறது என்று 1979-இல் ராபர்ட் கராசெக் எழுதியது, நம் ஊர் டீம் லீடுகளைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது மேனேஜருடன் ஓர் உரையாடல். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு நாளும் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போயிற்று, அதைக் கேட்டது யார், அதைச் செய்யாமல் விட்டால் யாருக்கு என்ன கெடும் என்று, ஷிப்ட் முடியும்போது ஐந்து நிமிடத்தில் குறித்தால் போதும். இப்படி எழுதிப் பார்த்தவர்கள் பலர் என்னிடம் வியந்து சொன்ன ஒன்று உண்டு. ஒரே எண்ணிக்கையை மூன்று பேருக்கு மூன்று வடிவத்தில் அறிக்கையாக அனுப்பிக்கொண்டிருப்பதும், அவற்றில் ஒன்றை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். விலகிப் போனவர்களின் கிளெய்ம்களை நீங்களே இரவில் முடித்துக்கொடுக்கும் நேரத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். நல்ல டீம் லீடுகள் ஓட்டையைத் தங்கள் தூக்கத்தால் அடைத்துவிடுவதால்தான், ஓட்டை இருப்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமலேயே போகிறது.

பிறகு நேரம் கேட்டு உட்காருங்கள். ஷிப்ட் நடுவில், ஃப்ளோரில் நின்றுகொண்டு பேசும் பேச்சு அல்ல இது. "என்னால் முடியவில்லை" என்று தொடங்கினால் பேச்சு உங்கள் திறமையைப் பற்றியதாகிவிடும். "புது ஆள் தாருங்கள்" என்று தொடங்கினால் "கேட்டிருக்கிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் பதிலாக, "14 பேரை வைத்து இவ்வளவுதான் செய்ய முடிகிறது, இதோ கணக்கு. புது ஆள் வரும்வரை இதில் எதை நிறுத்தி வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் துறையில் இருந்து என்னிடம் வருபவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனம் விதித்த காலக்கெடு நெருங்கிவிட்ட கிளெய்ம்களும் தொகை பெரிய கிளெய்ம்களும் காத்திருக்க முடியாதவை. தொகை சிறியதாகவும் காலக்கெடு தொலைவிலும் இருப்பவை காத்திருக்கக் கூடியவை. இந்த வரிசையை நீங்களே எழுதி எடுத்துச் சென்று, அதற்கு மேனேஜரின் ஒப்புதலைப் பெற்றால், எதைச் செய்யாமல் விடுவது என்ற தீர்மானம் உங்கள் தலையிலிருந்து இறங்கும். இந்த வரிசையைத் தவிர ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். ஐந்தைக் கொண்டுபோனால் எது எளிதோ அதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பேசி முடித்தபின், பேசியதை நான்கு வரியில் மெயிலாக அனுப்பி வைப்பது சண்டைக்காக அல்ல. மூன்று வாரம் கழித்து எஸ்கலேஷன் வரும்போது இருவருக்கும் அது நினைவூட்டும்.

எல்லா மேனேஜர்களும் இதைக் கேட்டு நடப்பார்கள் என்று உங்களுக்கு நம்பிக்கையூட்டி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. சிலர் கேட்பார்கள். சிலர் தங்களுக்கு மேலே இருப்பவரிடம் சொல்லக் கணக்கில்லாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நோட்டு அவர்களுக்கே உதவும். சிலர் "எல்லோரும்தானே கஷ்டப்படுகிறோம்" என்பார்கள். மூன்றாவது வகையாக இருந்தால் என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. வாரம் 45 மணி நேர ஷிப்ட், கூடுதலாக மூன்று நான்கு மணி, சனிக்கிழமை நான்கைந்து மணி. இவற்றோடு பகலில் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் சொல்லும் நேரமும் சேர்ந்தால், 55 மணியை நீங்கள் தொட்டுவிடுகிறீர்கள். அந்த எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதலாக மதிப்பிடப்பட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்திருக்கிறது. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களை அது விலக்கி வைப்பதால், டீம் லீட் என்ற பட்டமே பல இடங்களில் கூடுதல் உழைப்புக்கு வசதியாகிவிடுகிறது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆகவே குறைக்க வேண்டிய முதல் மணி நேரம் சனிக்கிழமை வேலை. மேனேஜரிடம் நீங்கள் வைக்கும் அந்த ஒரே கோரிக்கை எது என்று என்னைக் கேட்டால், இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு சனிக்கிழமையாவது முழு விடுப்பு என்பேன்.

தூக்கத்துக்கு வருகிறேன். இங்கே மாற வேண்டியது அலுவலகம் அல்ல, வீடு. நீங்கள் தூங்குவது இரண்டு மணியும் மூன்று மணியுமாக உடைந்த ஐந்து மணி நேரம். பெரியவர்களுக்கு வேண்டியது குறைந்தது ஏழு மணி. அதிலும் 6.45-க்கு எழுந்து வெளிச்சத்தில் நடமாடுவது, உடம்பின் கடிகாரத்துக்கு "விடிந்துவிட்டது" என்று சொல்லிவிடுவதால், 10 மணிக்கு வரும் இரண்டாவது தூக்கம் மேலோட்டமாகவே இருக்கும். 4.45 முதல் 11 மணி வரை ஒரே நீளமாகத் தூங்கி, மாலை கிளம்புமுன் முக்கால் மணி நேரம் கண்ணயர்வதே உங்களுக்குச் சரியான ஏற்பாடு. அப்படியானால் மகனைப் பள்ளிக்குக் கிளப்புவது கணவருடைய வேலையாக வேண்டும். உங்களுக்கு யோகா சொல்லும் அவருடைய அக்கறையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் காலை 6.45-க்கு அவர் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டினால், அது உங்களுக்கு எந்த ஆசனத்தைவிடவும் அதிக நன்மை செய்யும். இந்த வரியை அவரிடமே படித்துக் காட்டலாம்.

மகன் காலையில் தேடுவானே என்ற குற்ற உணர்வு வரும். அவன் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் தூக்கக் கலக்கமில்லாத அம்மா கிடைப்பாள் என்பதை அவனுக்கும் உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். படுக்கையறைக்குத் தடித்த திரை போடுங்கள். காலிங் பெல்லை அந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் அதைக் கவனிக்கும் பொறுப்பை மாமியாரிடம் கேட்டு ஒப்படையுங்கள். திருவண்ணாமலைக்கு அனுப்ப நினைக்கும் அன்பு இதற்கும் முன்வரும். அருந்திய காஃபினில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும், அதனால் 1.30 மணி பிரேக்கில் குடிக்கும் காபி, நீங்கள் படுக்கும்போதும் விழித்துக்கொண்டிருக்கும். கடைசிக் காபியோ டீயோ 11.30-க்குள் முடியட்டும். வார இறுதியில் முழுக்கப் பகல் மனிதர்களாக மாறிவிட்டு, திங்கட்கிழமை மறுபடி இரவுக்குத் திரும்புவதுதான் ஷிப்ட் பணியாளர்கள் பலரும் செய்யும் தவறு. அந்த இரண்டு இரவுகளிலும் 1.30 வாக்கில் படுத்து 8.45 வரை தூங்கினால், வாரம் ஏழு நாளும் 4.45 முதல் 8.45 வரையிலான நான்கு மணி நேரம் தூக்கத்திலேயே இருக்கும். மாறாத அந்த நான்கு மணி நேரத்தை உடம்பு பிடித்துக்கொள்ளும். ஞாயிறு கடற்கரைக்கு மாலையில் போகலாமே.

திருவண்ணாமலைக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் விடுமுறையால் வரும் புத்துணர்ச்சி, வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே கரைந்துபோவதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பத்து நாளைவிட, தினமும் வேலையிலிருந்து மனம் உண்மையாகவே விடுபடும் சில மணி நேரங்களே அதிகம் காப்பாற்றும். ஜெர்மானிய உளவியலாளர் சபீனே சோனன்டாக் இதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். வேலை நேரம் முடிந்தபின் வேலையை நினைக்காமலும் இருக்க முடிவதே மீட்சிக்கு முக்கியம் என்பது அவர் ஆய்வுகளின் சாரம். உங்களுக்கு இதற்கான இடம் கேப் பயணம். லாக் அவுட் செய்யுமுன் மறுநாளுக்கான மூன்று விஷயங்களை எழுதி மூடிவிட்டு, வண்டியில் ஏறியபின் அலுவலக மெயிலையும் குழுவையும் திறக்காதீர்கள். பகலில் குழுவின் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு, மாலை நான்கு மணிக்கு ஒரே ஒருமுறை மட்டும் பாருங்கள். உண்மையான அவசரம் என்றால் தொலைபேசியில் அழைப்பார்கள் என்பதை டீமுக்கும் மேனேஜருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் உங்கள் டீமில் இருக்கும் 14 பேரின் இடத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். வேகமாக முடிப்பவரிடமே அடுத்தவரின் மிச்சமும் போய்ச் சேருவது எல்லா ஃப்ளோர்களிலும் நடக்கிறது. வேகத்துக்குக் கிடைக்கும் பரிசு கூடுதல் வேலை என்றால், அதைவிடப் பெரிய அநியாயம் பணியிடத்தில் இல்லை. அடுத்து விலகப்போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். விலகியவர்களின் கியூவை யார் யார் எத்தனை நாள் சுமந்தார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு சுழற்சி முறை வையுங்கள். உங்களையும் அந்த நெருக்கடியிலிருந்து அது பாதி விடுவிக்கும்.

இப்போது அந்த மூன்றாவது வகை மேனேஜர். நோட்டோடு பேசி, மெயில் அனுப்பி, மூன்று மாதம் கழித்தும் ஆளும் வரவில்லை, டார்கெட்டும் குறையவில்லை, சனிக்கிழமையும் போகவில்லை என்றால், வேலையை விடுவதற்கும் அப்படியே கிடப்பதற்கும் இடையில் இன்னும் வழிகள் இருக்கின்றன. ஒரே நிறுவனத்தில் வேறு கிளையன்டுக்கு மாறுவது, பகல் ஷிப்டில் நடக்கும் மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு இடும் வேலை) அல்லது பயிற்சிப் பிரிவுக்கு மாறுவது, பிரிவு மாறுவதால் சம்பளம் சிறிது குறைந்தாலும் தவணையைச் சமாளிக்க முடியுமா என்று கணவரோடு உட்கார்ந்து தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பது ஆகியவற்றை இப்போதே, தலை தெளிவாக இருக்கும்போதே தொடங்குங்கள். இந்த மூன்று மாதக் கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உங்கள் பழைய டீம் லீட் "திடீரென" விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது திடீராகத் தோன்றவில்லை. கெடு வைக்காமல் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனவர்களின் கடைசி நாள் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். முடிந்தால் அவரைச் சென்று பாருங்கள், எட்டு மாதத்தில் எது உதவியது என்று கேளுங்கள். என்னைவிட அவருக்கு உங்கள் ஃப்ளோர் தெரியும்.

நடுவில் எப்போதாவது தூக்கமே வராமல் போனாலோ, குடும்பத்தாரிடமும் எதுவும் தோன்றாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு இது மிகவும் பயன்படும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவிலும் சிகிச்சை பெறலாம். அந்த ஊர்ப் பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் நம் நகரத்தின் பழக்கத்துக்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு தேதி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். உங்கள் ஷிப்ட் 7.30-க்கு நகரும், வீடு வந்து படுக்க 5.45 ஆகும், சற்று நேரத்திலேயே வெளியே வெளிச்சம் வந்துவிடும். திரைச்சீலையும், பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாடும், மேனேஜருடனான பேச்சும் அதற்குள் முடிந்திருக்கட்டும். தூக்க நேரங்கள் அனைத்தையும் அந்த வாரம் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்; அந்த வாரத்தில் யார் கேட்டாலும் புதுப் பொறுப்பு எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.